காதில் மாட்டும் நாடாவையும் சோதிக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த முகக்கவசக் கட்டுரையைப் படித்தேன். எத்தனை அடுக்கு, எத்தனை சதவீதம் வடிகட்டும், எது அசல், எது போலி என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தார்கள். ஆனால் எட்டு மணி நேரம் தோலை ஒட்டிக் கிடக்கும் ஒரு பொருள் அந்தத் தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு இது சொந்த விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

என் மகள் நர்ஸ். அவள் வேலை செய்யும் இடத்தில் என்95 முகக்கவசத்தை வேறு கம்பெனியில் வாங்க ஆரம்பித்த இரண்டாவது வாரம், காதுக்குப் பின்னால் சிவந்து அரிக்கத் தொடங்கியது. வேர்க்குரு என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினோம். நீர் கோத்துக் கசிய ஆரம்பித்த பிறகுதான் தோல் மருத்துவரிடம் போனோம். அவர் முகக்கவசத்தையே கொண்டுவரச் சொன்னார். உள்பக்கத் துணி, மூக்குக் கம்பிக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்சு, எலாஸ்டிக் நாடா என்று தனித்தனியாக வெட்டி, அவள் முதுகில் வரிசையாக ஒட்டிவிட்டார். இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது. மே மாத வெயிலில் அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. எடுத்துப் பார்த்ததில் துணி ஒட்டிய இடம் சுத்தமாக இருந்தது. நாடா ஒட்டிய இடம் மட்டும் சிவந்து பொரிப்பொரியாக இருந்தது. நான்காம் நாள் அது இன்னும் கூடியிருந்தது. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தைராம், கார்பமேட் வகை ரசாயனங்கள்தான் காரணமாக இருக்கும் என்றார் டாக்டர். ரப்பர் கையுறை போடுகிறவர்களுக்கு வரும் அதே தொல்லைதானாம். துணி நாடா வைத்துக் கட்டும் கவசத்துக்கு மாறினாள், பத்து நாளில் சரியாகிவிட்டது.

விற்றவர்களைக் கூப்பிட்டுச் சோதனை அறிக்கை கேட்டேன். உடனே அனுப்பினார்கள். வடிகட்டும் திறன், மூச்சுத் தடை, அவ்வளவுதான். தோலுக்கு என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, "சார், அதெல்லாம் யாரும் கேக்கறதில்லையே" என்று பதில் வந்தது. அவர் பொய் சொல்லவில்லை.

நான் திருப்பூரில் ஏற்றுமதித் துணிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் 26 வருடம் வேலை பார்த்தவன். வெளிநாட்டுக்குப் போகும் ஒரு பனியனுக்கு நாங்கள் செய்வதைக் கேளுங்கள். ஒரு கிராம் துணியைப் பொடிப்பொடியாக நறுக்கி, 100 மில்லி தண்ணீரில் 40 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைப்போம். வடிகட்டிய நீரில் ஒரு கரைசலைச் சேர்த்தால், துணி கசங்காமல் இருக்கச் செய்யும் பதனத்தில் தங்கும், தோலுக்கு ஆகாத ஃபார்மால்டிஹைடு இருக்கும் பட்சத்தில் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சள் என்பதைக் கருவி அளந்து சொல்லும். துணியில் தீங்கான ரசாயனம் அளவுக்கு மேல் இல்லை என்று காட்டும் ஓகோ-டெக்ஸ் முத்திரை வேண்டுமென்றால், பெரியவர்களின் தோலில் படும் துணிக்குப் பத்து லட்சத்தில் 75 பங்குதான் உச்சம். அப்புறம் செயற்கை வியர்வை. ஆமாம், அப்படி ஒன்று உண்டு. உப்பும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலமும் கலந்து நாங்களே தயாரிப்போம், அமிலத்தில் ஒன்று, காரத்தில் ஒன்று. அதில் துணியை நனைத்து, எடை வைத்து, உடம்புச் சூட்டில் நான்கு மணி நேரம் வைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்ப்போம். 1994-இல் புற்றுநோய் அபாயமுள்ள சில அசோ சாயங்களை ஜெர்மனி தடை செய்தபோது இந்த ஊரே ஆடிப்போனது. பிறகு கற்றுக்கொண்டோம், லேப்கள் வந்தன. அதாவது, செய்யத் தெரியாததால் செய்யாமல் இருக்கிறோம் என்று யாரும் சொல்ல முடியாது.

மருத்துவ முகக்கவசத்துக்கு ஐரோப்பாவில் இருக்கும் இஎன் 14683 தரம், தயாரிப்பாளர் ஐஎஸ்ஓ 10993 என்ற சர்வதேசத் தர வரிசைப்படி உடலுக்கு ஒத்துப்போவதையும் மதிப்பிட வேண்டும் என்கிறது. பொருளை உப்புநீர் போன்ற ஒன்றிலும் எண்ணெய் போன்ற ஒன்றிலும் ஊறவைத்து, அதில் இறங்கும் சாரத்தைச் சோதிப்பார்கள். எண்ணெய்க்கு எள் எண்ணெயே போதும்; நம் நல்லெண்ணெய் அந்தப் பெரிய பெரிய லேப்களிலும் உட்கார்ந்திருப்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முன்பெல்லாம் முயலின் முதுகை மழித்து அதில் வைத்துப் பார்த்தார்கள். இப்போது மனிதச் செல்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த தோல் அடுக்கின் மேல் அந்தச் சாரத்தை ஏறக்குறைய ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம். செல்களில் பாதிக்கு மேல் செத்தால் அது எரிச்சலூட்டும் பொருள். ஒவ்வாமை வருமா என்பதற்கு வேறு சோதனை உண்டு. இது தேறினால் அதுவும் தேறியது என்று அர்த்தமில்லை. என் மகளுக்கு வந்தது இரண்டாவது வகை.

ஆனால் என்95 போலத் தூசு, கிருமி வடிகட்டும் ரெஸ்பிரேட்டர் வகைக்கு ஐரோப்பாவில் உள்ள இஎன் 149 தரத்தில், தோலில் படும் பொருள் எரிச்சல் உண்டாக்கும் என்று தெரிந்ததாக இருக்கக் கூடாது என்கிற அளவில்தான் பேச்சு. தெரிந்ததாக! சோதித்துப் பார்க்காவிட்டால் எப்படித் தெரியும்? அதிக நேரம் அழுத்திக் கட்டுவது இந்த வகையைத்தான்.

எல்லாப் பழியையும் ரசாயனத்தின் மேல் போடவும் நான் தயாரில்லை. 2003-இல் சார்ஸ் வந்தபோது சிங்கப்பூர் மருத்துவப் பணியாளர்களிடம் எடுத்த கணக்கில், என்95 போட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் தோல் தொல்லை சொன்னார்கள். அதில் முதலிடம் பருவுக்கு. உராய்வு, அழுத்தம், உள்ளே தேங்கும் வேர்வை இவற்றுக்கு எந்தச் சோதனைச் சான்றும் மருந்தாகாது. நடுநடுவே கழற்ற நேரம் கொடுப்பதுதான் வழி, அது நிர்வாகத்தின் வேலை.

துணிக் கவசத்தை வாங்கியதும் ஒரு தடவை துவைத்துவிட்டால் ஃபார்மால்டிஹைடில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். போட்டுத் தூக்கியெறியும் கவசத்துக்கு அந்த வழியும் இல்லை.

2020-இல் கவச உடைகளைச் சோதிக்கும் வேலையைக் கோவையிலுள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா எடுத்துச் செய்ததை நாம் பார்த்தோம். அவசரம் என்றதும் முடிந்தது. நான் கேட்பது சின்ன விஷயம். நாடா ரப்பரா, ஸ்பான்டெக்ஸ் என்ற செயற்கை இழையா, மூக்குக் கம்பியில் ஒவ்வாமை தரக்கூடிய நிக்கல் இருக்கிறதா, எரிச்சலும் ஒவ்வாமையும் சோதிக்கப்பட்டதா என்று பெட்டியின் மேல் மூன்று வரி அச்சடியுங்கள். மொத்தமாக வாங்கும் மருத்துவமனைகள் டெண்டரில் இதைக் கேட்க ஆரம்பித்தாலே போதும், தயாரிப்பாளர்கள் தானாக லேப்புக்கு வருவார்கள். திருப்பூரில் அப்படித்தான் வந்தார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பூர்.