டொலர் வருகிறது, கண் டொக்டர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த பொருளாதாரக் கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். படித்தவர்கள் வெளியேறுவதை இழப்பாகப் பார்க்க வேண்டாம், அவர்கள் அனுப்பும் காசுதான் நாட்டைத் தூக்கி நிறுத்துகிறது என்ற கருத்தில் அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரி நாலு நாளாக என்னை நித்திரை கொள்ள விடவில்லை. முப்பது வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நான் கணக்குப் படிப்பித்தவன், கணக்கை மறுக்கவில்லை. 2024இல் வெளிநாட்டில் உழைக்கும் இலங்கையர்கள் 650 கோடி அமெரிக்க டொலருக்கும் மேல் அனுப்பினார்கள். எண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற 2022ஐ நினைத்தால் அந்தக் காசின் அருமை எனக்கும் விளங்கும். ஆனால் அது என் மனைவியின் கண்ணைப் பார்க்குமா?

அவவுக்குப் பதினாறு வருடமாகச் சீனி வருத்தம். கண்ணுக்குள் இரத்தம் கசிகிறது என்று நகரத்தில் ஒரு கிளினிக்கில் காட்டி வந்தோம். போன மாதத் தவணைக்குப் புங்குடுதீவிலிருந்து முதல் பஸ் எடுத்து, கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு போய் வரிசையில் இருந்தோம். பத்து மணிக்கு ஒரு தாதிப் பிள்ளை வந்தது. என்னிடம் படித்த பிள்ளை. "சேர், டொக்டர் வெளிநாடு போயிட்டார். புது ஆள் எப்ப வருவார் எண்டு எங்களுக்கே தெரியாது" என்று சொல்லும்போது அதற்குக் கண் கலங்கியது. அறைக் கதவில் பெயர்ப்பலகை கழற்றிய இடம் மட்டும் நிறம் மங்காமல் பளிச்சென்று இருந்தது. பக்கத்து வாங்கில் நெடுந்தீவிலிருந்து படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து வந்த ஒரு ஆச்சி. அவவுக்கு இப்படித் திரும்பிப் போவது இரண்டாவது தரம்.

நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. 2022இல் அரசாங்கமே சுற்றறிக்கை விட்டு, வெளிநாட்டில் வேலை செய்ய விரும்பும் அரச ஊழியர்கள் சம்பளமில்லா லீவில் 5 வருடம் வரை போகலாம், ஓய்வூதியமும் சேவை மூப்பும் பாதிக்கப்படாது என்றது. அந்த வருடம் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்கென்று நாட்டைவிட்டுப் போனார்கள். 1945 முதல் இலவசக் கல்வி தரும் நாடு இது. முதலாம் வகுப்பிலிருந்து மருத்துவபீடம் வரை ஒரு பிள்ளையைப் படிப்பிக்கும் செலவு கூலிக்காரன் வாங்கும் சவர்க்காரத்தின் வரியிலும் இருக்கிறது. அந்தக் கூலிக்காரனின் தாய்தான் அன்று வாங்கில் இருந்த ஆச்சி.

இது புதுக்கவலையும் இல்லை. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் படிப்பித்தார். படித்தவர்கள் அரச உத்தியோகம் தேடி வெளியூர்களுக்குப் போய்விட்டார்கள். கிராமத்தோடு இருக்கும் வைத்தியர்கள் வேண்டும் என்றுதான் அவர் 1864இல் தமிழுக்கு மாறினார், பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். வெளியாள் ஒருவருக்கு இருந்த அந்தக் கவலை நம் ஆட்களின் கட்டுரையில் இல்லையே என்பதுதான் என் மனவருத்தம்.

போனவர்களை நான் குறை சொல்லவில்லை. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தையும் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலையும் 1983 கலவரத்தையும் கண்ட சனத்திடம் ஏன் போனாய் என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. என் மகளும் மெல்பேர்னில் பொறியியலாளர். போ பிள்ளை என்று சொன்னவனும் நான்தான். மலாயா ரெயில்வேக்குப் போன எங்கள் பாட்டன் காலத்தவர்களில் பலர் பென்சனோடு திரும்பி வந்து ஊரில் இருந்தார்கள். இப்போது வீடுகள்தான் வருகின்றன, ஆட்கள் வருவதில்லை. எங்கள் ஒழுங்கையில் ஏழு வீட்டுச் சாவி என் கையில் இருக்கிறது. மாரிக்கு முன்னர் ஒவ்வொன்றாகத் திறந்து கூரை ஒழுகுகிறதா என்று பார்க்கிறேன். மாபிள் பதித்த குளியலறைகளில் பல்லி எச்சம். ஒரு வீட்டுத் தண்ணி மோட்டர் எரிந்து ஐந்து மாதம். காசு மறுநாளே வந்துவிட்டது. அதைத் திருத்துகிற தம்பி கட்டாரில்.

அந்தக் கட்டுரையாளரை ஒரு நாள் எங்களோடு முதல் பஸ்ஸில் வரச் சொல்லுங்கள் என்று கேட்க நினைத்தேன். வேண்டாம். உங்களிடம் கேட்பது வேறு. ஞாயிறுதோறும் மாணவர் விசா விளம்பரங்களுக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். வைத்தியசாலைகளில் கேட்டு, எந்தக் கிளினிக்குக்கு நிபுணர் இல்லை, எது பின்போடப்பட்டது என்பதை கிளினிக்குக்கு முதல் நாள் பத்திரிகையில் நாலு விரல் அகலத்துக்குப் போடுங்கள். தீவுப் பகுதிச் சனத்துக்கு அது பெரிய உதவி.

மனைவிக்கு அடுத்த தவணை வரும் மாதம் இரண்டாவது புதன்கிழமை. செவ்வாய்க்கிழமை உங்கள் பத்திரிகையைப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஆயத்தமாவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
புங்குடுதீவு.