மின்னஞ்சலில் செய்தி எழுத்தாகவே இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிறுவனங்கள் தம் அறிவிப்பு மின்னஞ்சல்களுக்கு வார்ப்புருவை, அதாவது முன்கூட்டியே வடிவமைத்த மாதிரி மடலை, தேர்ந்தெடுக்கும்போது, அனுப்புபவரின் கணினித் திரையில் அது எவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது என்பதையே பெரிதும் பார்க்கின்றன. பெறுபவரின் கைபேசியில் அதைப் படிக்க முடியுமா என்று பார்ப்பதாகத் தெரியவில்லை.

இதில் என்னை மிகவும் வருத்துவது, அறிவிப்பு முழுவதையும் சுவரொட்டி போல ஒரே படமாக்கி மடலில் ஒட்டி அனுப்பும் வழக்கம். அண்மையில் எனக்கு வந்த கட்டண நினைவூட்டல் ஒன்றில் தொகை, கடைசி நாள், கணக்கு எண் மூன்றுமே படத்துக்குள் இருந்தன. படங்கள் தாமாக இறங்காதபடி அமைத்திருந்த கைபேசியில் திறந்தபோது, ஒரு வெற்றுக் கட்டமும், அதன் அடியில் ‘இது தானியங்கி மடல், பதில் அனுப்ப வேண்டாம்’ என்ற வரியுமே தெரிந்தன. படம் இறங்கிய பிறகும் கணக்கு எண்ணை நகலெடுக்க முடியவில்லை; பின்னொரு நாள் அந்த மடலைத் தேடுவதற்கும் அதில் சொற்கள் இல்லை. பார்வையற்றவர்களின் நிலை இதைவிடக் கடினம். படத்தில் உள்ளதைச் சொற்களில் விவரிக்கும் மாற்று உரை எழுதப்படாவிட்டால், திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் திரை வாசிப்பான் மென்பொருள் ‘படம்’ என்று மட்டும் சொல்லும், அல்லது கோப்பின் பெயரைப் படித்துவிட்டு நகர்ந்துவிடும்.

ஒரே மடலுக்குள் வடிவமைத்த பிரதியையும் வெறும் உரைப் பிரதியையும் சேர்த்து அனுப்பும் வழி 1990களிலேயே தரநிலையாக வகுக்கப்பட்டுவிட்டது. அப்படியிருந்தும் பல வார்ப்புருக்களில் உரைப் பிரதி காலியாகவே விடப்படுகிறது என்பது வருத்தத்துக்குரியது.

பக்க அமைப்பிலும் எளிமையே கைகொடுக்கும். இணையப் பக்கத்துக்கு ஒத்துவரும் அலங்காரம் மின்னஞ்சலுக்கு ஒத்துவருவதில்லை. விண்டோஸில் இயங்கும் அவுட்லுக் என்னும் மின்னஞ்சல் மென்பொருள், 2007ஆம் ஆண்டுப் பதிப்பு தொடங்கி நெடுங்காலம் வேர்டு மென்பொருளின் காட்சிப்படுத்தும் பொறியைக் கொண்டே மடல்களைக் காட்டிவந்ததால், பின்னணிப் படங்களும் நுட்பமான அடுக்குகளும் அங்கே குலைந்துபோயின. ஜிமெயிலோ, படங்கள் நீங்கலாக ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டும் மடலை இடையிலேயே வெட்டிவிடுகிறது. கடைசியில் வைக்கப்படும் சந்தா விலகல் இணைப்பு இதனால் மறைந்துவிடும். ஆகவே சுமார் 600 பிக்சல் அகலத்துக்குள் அடங்கி, கைபேசியில் தானாகச் சுருங்கும் ஒற்றை நெடுவரிசை அமைப்பும், 16 பிக்சல் அளவுள்ள எழுத்துமே போதுமானவை. தமிழ் மடலுக்கு வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டுவது அவசியம். இல்லையெனில் மேல்வரியின் உகரச் சுழிகள் கீழ்வரியின் புள்ளிகளோடும் இகர, ஈகார விசிறிகளோடும் மோதும். வெளிர்சாம்பல் எழுத்தை வெண்பின்னணியில் இடும் வழக்கத்தை அடியோடு கைவிடலாம்.

வார்ப்புருவுக்கு ஒப்புதல் தரும் பொறுப்பிலுள்ளவர்கள், அதைத் தம் கைபேசிக்கு ஒருமுறை அனுப்பி, படங்களை நிறுத்திவைத்துத் திறந்து, தொகையும் தேதியும் செய்ய வேண்டிய செயலும் முதல் சில வரிகளிலேயே எழுத்தாகத் தெரிகின்றனவா என்று பார்த்த பின்னரே ஒப்புதல் அளிக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்