குளத்துக் கணக்கு குளத்துக்காரர்களுக்கு வர வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்புக்கு ஒவ்வொரு ஜனவரியும் போய்வருகிறவள் நான். 2011 முதல் நடக்கும் இந்த வேலையில் விவசாயிகளும் மாணவர்களும் என்னைப் போல ஓய்வுபெற்றவர்களும் குளக்கரையில் ஒன்றாக நிற்கிறோம். நாமக்கோழிக் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. எண்ணி முடிப்பதற்குள் பாதி முங்கிவிடும். முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் அளந்துகொண்டு, கூட்டம் முழுவதையும் அப்படியே பத்துப் பத்தாகக் கணக்கிட வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒத்துப் பார்ப்போம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரியிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். எங்கள் குளம் நிரம்பிய தேதி, கூழைக்கடா முதலில் வந்திறங்கிய நாள், மஞ்சள் மூக்கு நாரை எத்தனை என்று நான் எழுதி வைத்திருந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆய்வு முடிந்ததும் ஒரு பிரதி தருவதாகச் சொன்னார்கள். வரவில்லை. மடை திறக்கும் பெரியவர் இன்றும் என்னைப் பார்த்தால், "டீச்சரம்மா, நம்ம குளத்தைப் பத்தி என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்கிறார். பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. படிப்பு முடிந்து வேலைக்குப் போயிருப்பார்கள். அவர்கள் போன பிறகு அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளக் கல்லூரியில் ஆளில்லை என்பதுதான் வருத்தம்.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு நாங்கள் பயன்படுத்தும் ஈபேர்டை, அதாவது பார்த்த பறவைகளைப் பட்டியலிட்டுப் பதிவுசெய்யும் இணையதளத்தை, நடத்துவதும் ஒரு பல்கலைக்கழகம்தான், அமெரிக்காவின் கார்னெல். 2002இல் தொடங்கியது. மொட்டை மாடியில் நின்று நான் போட்ட முதல் பட்டியலைக்கூட இப்போதும் எடுத்துப் பார்க்க முடிகிறது. ஒருமுறை எண்ணிக்கையில் ஒரு சைபர் கூடிவிட்டது. சரிபார்க்கும் தன்னார்வலர் சில நாளிலேயே கேட்டு எழுதிவிட்டார். எங்கோ இருக்கும் பல்கலைக்கழகம் என் கணக்கை மதிக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், பக்கத்துக் கேரளத்தைப் பார்க்கலாம். அங்கே வேளாண் பல்கலைக்கழகமும் பறவை ஆர்வலர்களும் சேர்ந்து 2015 முதல் 2020 வரை மாநிலம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, மழைக்காலத்தில் ஒரு முறை, வறண்ட காலத்தில் ஒரு முறை என்று நடந்தே எண்ணினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் சாதாரண மக்கள். 361 வகைப் பறவைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைபடமே போட்டுவிட்டார்கள்.

நம் கல்லூரிகளும் பக்கத்திலுள்ள குளங்களைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாமே? குளத்துக்கு ஒரு பதிவேடு, அதற்குப் பொறுப்பாக ஒரு பேராசிரியர். அப்புறம், எண்ணியதைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். மடைக்காரரும் மீன் குத்தகைக்காரரும் படிப்பார்கள், தவறு இருந்தால் சொல்வார்கள்.

எங்கள் குளத்து நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. எந்தக் கல்லூரி முன்வந்தாலும் பிரதி எடுத்து நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
அம்பாசமுத்திரம்.