கிறீச்சிட்டால் உடனே நிறுத்துங்கள்

ஆசிரியருக்கு,

பழைய கலைவிழா வீடியோ நாடாக்களைக் கணினிக்கு மாற்றுவோருக்காக இதை எழுதுகிறோம்.

1969-இல் நியூயார்க்கின் ஹார்லெமில் நடந்த கறுப்பினக் கலைவிழாவைத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஹால் டுல்ச்சின் எடுத்த சுமார் 40 மணி நேரப் பதிவு பிழைத்தது அதிர்ஷ்டம்தான். அதற்குப் பயன்பட்ட 2 அங்குல வீடியோ நாடா விலை அதிகம். அந்நாளில் தொலைக்காட்சி நிலையங்கள் பழைய பதிவை அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்வது சகஜம்.

1971-இல் வந்த யூமேட்டிக் வீடியோ கேசட்டுகளில் தொல்லை வேறு. நாடாவின் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அப்படியே ஓட்டினால் காந்தப்பூச்சு உரிந்து நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அப்பிக்கொள்ளும். கிறீச்சென்று சத்தம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். கேசட்டைச் சுமார் 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்து, ஆறவிட்டு ஓட்டலாம். ஆனால் பலன் தற்காலிகம்தான். அதற்குள் நகலெடுத்துவிட வேண்டும். வீட்டுச் சமையல் ஓவன் கூடவே கூடாது, அதில் சூடு ஏறி இறங்கும்.

நகலெடுக்கும்போது, நாடாவிலிருந்து வரும் சிக்னலின் நேரப் பிசகைச் சரிசெய்யும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி இல்லையென்றால் படம் ஆடும். 10 பிட் வண்ண நுணுக்கத்தில், கோப்பைச் சுருக்காமல் எடுத்தால் மணிக்கு ஏறக்குறைய 100 ஜிபி. எஃப்எஃப்வி1 (FFV1) என்ற சுருக்க முறையில் தரம் குறையாமல் அதில் பாதியளவு போதும்.

இப்படிப்பட்ட விழாப் பதிவுகளில் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு நடந்த கலந்துரையாடலை வெட்டுகிறார்களே, அதுதான் பெரிய அநியாயம். வெவ்வேறு இனத்தார் நேருக்கு நேர் கேள்வி கேட்டது அங்கேதான். யூமேட்டிக்கில் ஒலித்தடங்கள் இரண்டு. அவையோர் மைக்கின் ஒலி அவற்றில் ஒரு தடத்தில் மட்டும் இருக்கலாம். கலக்காமல் தனித்தனியே எடுங்கள்.

– காணொளிப் பாதுகாப்புப் பணியாளர்கள் சிலர், சென்னை