தட்டில் பூ வரைந்த கை

அன்புள்ள மாலதிக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அம்மா கைத்தடி இல்லாமல் நடக்கிறார்கள் என்று படித்ததும்தான் நிம்மதியாக இருந்தது. ஆனால் தையல் கடையை மூடிவிட்டு வீடு வந்து சேரவே ஒன்பது ஆகிறது, கவிதை நோட்டைத் தொட்டு ஆறு மாதமாயிற்று என்று எழுதியிருந்தாயே, அது மனதை விட்டுப் போகவே இல்லை. அதனால்தான் ஆங்கிலக் கவிஞர் ரூத் பிட்டரைப் பற்றி உன்னிடம் சொல்லத் தோன்றியது.

லண்டனை ஒட்டிய இல்ஃபர்டில் 1897இல் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் பள்ளி ஆசிரியர்கள். இவருக்குச் சோறு போட்டது கவிதை இல்லை, கைவேலை. 1930இலிருந்து தோழி கேத்லீன் ஓஹாராவோடு சேர்ந்து சொந்தமாகத் தொழில் நடத்தினார். தட்டு, மேசை, நாற்காலி என்று எல்லாவற்றிலும் பூ வரைந்து விற்பார்கள். கவிதை மிச்ச நேரத்தில்தான்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. தொழிற்சாலை வேலைக்குப் போனார். ஒரு மார்ச் மாத நாளில் லண்டனில் பேட்டர்சி பாலத்தின் சுவரில் சாய்ந்துகொண்டு, காலம் பூராவும் இப்படியேதானா என்று நினைத்தாராம். அந்த நாட்களில் வானொலியில் கேட்ட எழுத்தாளர் சி. எஸ். லூயிஸின் கிறிஸ்தவ சமயப் பேச்சுகள்தான் அவரைத் தூக்கி நிறுத்தின. பின்னால் இருவரும் நல்ல நண்பர்கள் ஆனார்கள்.

சரி, கவிதைக்கு வருகிறேன். குளிர்காலத்தில் பாடும் ஒரு பறவையைப் பற்றி அவர் எழுதியது ஒன்று உண்டு. கூரை தாழ்ந்த, இருட்டான குடிசைக்குள் ஒருத்தி ரொட்டிக்காகப் பலகையைத் தடவிக்கொண்டிருக்கிறாள். திடீரென்று காதருகே பெரிய குரல். உடைந்த கூரை இடுக்கு வழியாகப் பார்க்கிறாள். கை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கத்தில் பறவை. துடிக்கிற தொண்டை, பனி ஈரம் படிந்த மார்பு, திறந்த அலகுக்குள் கூரான நாக்கு, கண்ணைச் சுற்றி அடுக்கிய பொடி இறகுகள், கிளையைப் பற்றிய நகம். ஒன்றையும் விடவில்லை. தட்டில் இதழ் இதழாக வரைந்த கைக்கு மட்டுமே இப்படிப் பார்க்க வரும் என்று எனக்குப் படுகிறது. அந்தப் பிப்ரவரிப் பஞ்சத்தில் இவ்வளவு பகட்டாக உடுத்தி எப்படியப்பா பாடுகிறாய் என்று பறவையையே கேட்கிறாள். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

1955இல் பிட்டருக்கு இங்கிலாந்து ராணியின் தங்கப் பதக்கம் கிடைத்தது. கவிதைக்காக அதைப் பெற்ற முதல் பெண் இவர்தான். அப்படியும் இன்று யாரும் பேசுவதில்லை. புதுக்கவிதை எழுதிய டி. எஸ். எலியட்டின் காலத்துக்குப் பிறகு எதுகையும் சந்தமும் பழசு என்று ஆகிவிட்டது, இவரோ கடைசிவரை அதை விடவில்லை. பழசு என்று ஒதுக்கியது பெரிய அநியாயம். அந்தப் பறவை கவிதையை வாய்விட்டுப் படித்துப் பார், சந்தம்தான் குரலைத் தூக்கிக்கொண்டு போகிறது.

முதுமையில் பார்வை போய், 1992இல் காலமானார்.

அப்புறம், நீ முன்பு எழுதிய அந்தப் பொத்தான் டப்பா கவிதை இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதினாலும் போதும், அடித்தல் திருத்தலோடு அப்படியே அனுப்பு.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
கலா