திரியைப் பின்னு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ கிளாஸில் ஊற்றின மெழுகுதிரி என்று அனுப்பின போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். கிளாஸ் ஓரமெல்லாம் மெழுகு அப்படியே நிற்கிறது, நடுவில் மட்டும் கிணறு தோண்டின மாதிரி குழி. அதற்குள் சுடர் மூழ்கிக் கிடக்கிறது. மெழுகு விற்ற கடைக்காரரைக் குறை சொல்லாதே. திரிதான் ஒல்லி.

மூன்று அங்குல அகலக் கிளாஸுக்குத் தையல் நூலை முறுக்கிப் போட்டிருக்கிறாய். அது எவ்வளவு மெழுகை உறிஞ்சி ஏற்றுமோ அவ்வளவுதான் சுடர். ஓரம் வரை சூடு போகாது. அதற்காகத் தாம்புக்கயிறு மாதிரியும் போட்டுவிடாதே. தடித்த திரி மெழுகை அதிகமாக இழுத்து, எரிக்க முடியாமல் புகையும். நுனியில் காளான் மாதிரி கரி கட்டும்.

முறுக்காதே, பின்னு. சின்ன வயசில் உனக்குச் சடை போட்ட மாதிரி மூன்று புரி, மூன்றும் ஒரே இறுக்கம். சுத்தமான பருத்தி நூலாக இருக்கட்டும். பின்னின திரி எரியும்போது நுனி ஒரு பக்கமாக வளையும். சுடரின் விளிம்புக்கு வந்ததும் காற்றுப் பட்டுத் தானே எரிந்து தீர்ந்துவிடும். 1825-ல் கம்பசெரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் இப்படிப் பின்னக் கண்டுபிடிக்கும் வரை, கருகின திரியைக் கத்தரியால் வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

பின்னினதை ஒரு தம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் உப்பு, இரண்டு ஸ்பூன் வெண்காரம் (போராக்ஸ்) கரைத்து ராத்திரி முழுக்க ஊறப்போடு. திரி சீக்கிரம் கருகாது, சாம்பலும் குறையும். வெண்காரம் வயிற்றுக்குள் போகக் கூடாது. சமையல் பாத்திரத்தைத் தொடாதே.

பிறகு இரண்டு நாள் காய வேண்டும். இதில் நான் பட்டிருக்கிறேன். ஒரு வருஷம் கல்லறைத் திருநாளுக்கு இருநூறு மெழுகுதிரி ஒத்துக்கொண்டேன். ஐப்பசி மழை, துணிகூடக் காயாத நாள். தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருந்தது, ஊற்றிவிட்டேன். நவம்பர் 2 சாயங்காலம் நம் அப்பச்சி கல்லறையிலேயே என் திரி படபடவென்று பொரிந்து அணைந்தது. பக்கத்துக் கல்லறைகளிலும் அதே கதை. வாங்கினவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, திரும்பத் திரும்பத் தீக்குச்சி கிழித்தார்கள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

காய்ந்த திரியை உருகின மெழுகில் முக்கு. சின்னச் சின்னக் குமிழி வரும். நூலுக்குள் இருக்கிற காற்று அது. குமிழி நின்றதும் எடுத்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நேராக ஆறவிடு. கிளாஸ் நடுவில் நிறுத்த இரண்டு ஈர்க்குச்சியைக் குறுக்கே வைத்து இடுக்கினால் போதும். கோணினால் ஒரு பக்கக் கண்ணாடி சுட்டு விரிசல் விடும்.

ஏற்றும் முன்பு ஒவ்வொரு தடவையும் கால் அங்குலம் விட்டுத் திரியை வெட்டு. முதல் தடவை அவசரப்பட்டு அணைக்காதே. அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் கணக்கு. உன் கிளாஸுக்கு மூன்று மணி நேரம். மேல்மெழுகு ஓரம் வரை உருகட்டும். பாதியில் அணைத்தால் அடுத்த தடவையும் அதே வட்டத்தில்தான் குழி விழும். எரிகிற வரை நீ வீட்டிலேயே இரு.

அந்தப் பழைய கிளாஸை எறிந்துவிடாதே. வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி மெல்லச் சூடேற்றினால் மெழுகு முழுசாக உருகிவிடும். ஒல்லித் திரியை எடுத்துவிட்டுப் புதுசைப் போடு. பின்னினதும், ஊற்றுவதற்கு முன்னால், எனக்கு ஒரு போட்டோ அனுப்பு.

அம்மா