கிளட்ச் பிடித்தும் நகரும் வண்டி

கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள். இங்கே அனைவரும் நலம். மூத்தவள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வாரம் தவறாமல் பேசுகிறாள், ஆனாலும் மாலையில் வீடு வெறிச்சோடித்தான் கிடக்கிறது. நம் ஐ.டி.ஐ. வாத்தியாரைப் போன மாதம் உக்கடத்தில் பார்த்தேன். நடை தளர்ந்திருக்கிறது, நினைவு தளரவில்லை. உன் பெயரைச் சொன்னதும், "அரம் பிடிக்கத் தெரிந்த பையன்" என்றார். அடுத்த முறை நீ வரும்போது இருவரும் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

இனி வண்டிக்கு வருகிறேன். உன் கடிதத்தில் முக்கால் பங்கு அதுதானே!

உன் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் என்ஜினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து (போர் அடித்து), கிராங்க் பேரிங்கும் ஆயில் சீலும் மாற்றிப் பூட்டியாகிவிட்டது. நியூட்ரலில் மணி மணியாக ஓடுகிறது. முதல் கியரைத் தட்டினால், கிளட்சை முழுக்கப் பிடித்திருந்தும் முன்னால் துள்ளி அணைந்துவிடுகிறது. பட்டறையில் கிளட்ச் செட்டையே மாற்றச் சொல்கிறார்கள், நீயும் சம்மதிக்கும் நிலையில் இருக்கிறாய். கொஞ்சம் பொறு. தேய்ந்த கிளட்ச் வழுக்கும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. உன் வண்டிக்கு வந்திருப்பது அதற்கு நேர் எதிரான கோளாறு. அதுவும் என்ஜினைத் திறப்பதற்கு முந்தைய நாள் வரை ஒழுங்காகப் பிரிந்துகொண்டிருந்த, அதாவது பிடித்ததும் என்ஜினைச் சக்கரத்திலிருந்து விடுவித்துக்கொண்டிருந்த கிளட்ச் இது. அப்படியானால் கோளாறு பூட்டும்போது புகுந்திருக்கிறது. ஒன்று விடுபட்டிருக்க வேண்டும், அல்லது ஒன்று இடம் மாறியிருக்க வேண்டும். 1996-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. அதில் இருக்கும் அசல் பாகங்களைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடையில் கிடைப்பதை மாட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

முதலில் கோளாறு உறுதிதானா என்று பார். வண்டியைக் கீழே இறக்கி, கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாகக் கையால் அழுத்து. ஆர்எக்ஸில் கிக்கரின் பல்சக்கரம், எப்போதும் என்ஜினோடு சேர்ந்து சுற்றும் கிளட்சின் வெளிக்கூண்டோடு இணைந்தது. அதனால் கிளட்ச் சரியாகப் பிரிந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், என்ஜின் மட்டும் சுற்றும். வண்டியும் சேர்ந்து நகர்ந்தால் கிளட்ச் பிரியவில்லை. உன் மாமாவின் பழைய புல்லட்டை வைத்து இதை யோசித்துக் குழம்பாதே. அதில் கிக்கரின் விசை கிளட்ச் வழியாகத்தான் என்ஜினுக்குப் போகிறது, ஆகவே கிளட்சைப் பிடித்தால் கிக்கர் வெறுமனே இறங்கும்.

அடுத்து, கைப்பிடியில் நீ இழுக்கும் இழுப்பு எந்த இடத்தில் வீணாகிறது என்று தேடு. கிளட்ச் லீவரின் அடிப்பகுதியில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தளர்வு இருந்தால் போதும். அதற்கு மேல் தொங்கினால் கேபிளை இறுக்கு. இது எல்லோரும் செய்வது, நீயும் செய்திருப்பாய். இதற்குப் பிறகுள்ளதைத்தான் பட்டறையில் செய்யவில்லை என்று உன் கடிதத்திலிருந்து தெரிகிறது.

என்ஜினில் கேபிள் போய்ச் சேரும் சிறிய லீவரிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு, அதைக் கட்டைவிரலால் தள்ளு. கொஞ்ச தூரம் லேசாக வந்து, பிறகு ஸ்பிரிங்கின் எதிர்ப்பு கல் மாதிரி கையில் தட்டுப்பட வேண்டும். கடைசிவரை கொழகொழவென்று வந்தால் உள்ளே தள்ள வேண்டியது தள்ளவில்லை. எதிர்ப்பு சரியான இடத்தில் தட்டுப்பட்டும் கிளட்ச் பிரியவில்லை என்றால் தவறு பிளேட்டுகளின் பக்கம் இருக்கிறது. என்ஜினின் சைடு கவரைத் திறக்கும் முன்பே பாதி வழக்கு இப்படித் தீர்ந்துவிடும்.

கொழகொழவென்று வந்தால் என் சந்தேகமெல்லாம் ஓர் எஃகுக் குண்டின் மேல்தான். கிளட்ச் பூட்டியிருக்கும் மெயின் ஷாஃப்ட்டின் துளைக்குள், லீவரின் தள்ளலைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் இரண்டு புஷ் ராடுகள் இருக்கின்றன. நடுவில் ஒரு சின்னக் குண்டு. சுற்றும் ராடும் சுற்றாத ராடும் ஒன்றையொன்று உரசித் தேயாமல் இருப்பதற்காக வைத்தது. என்ஜினை இரண்டாகப் பிளக்கும்போது ஷாஃப்ட் சற்றுச் சாய்ந்தாலும் அது உருண்டு மண்ணெண்ணெய்த் தட்டில் விழுந்துவிடும், கழுவிய அழுக்கோடு சேர்ந்து கொட்டப்பட்டும் விடும். யாரும் கவனிக்க மாட்டார்கள், ஏனென்றால் அது இல்லாமலும் எல்லாமே பூட்டிக்கொள்ளும். கிளட்சைப் பிடிக்கும்போது, மற்ற பிளேட்டுகளை அழுத்தி வைத்திருக்கும் பிரஷர் பிளேட் எழும்புவது ஓரிரு மில்லிமீட்டர்தான். குண்டின் விட்டம் அதைவிடப் பெரிது. அது இல்லாவிட்டால் இழுப்பு முழுவதும் அந்த வெற்றிடத்திலேயே போய்விடும். திறந்து பார்க்கும்போது காந்தக் குச்சியைத் துளைக்குள் விட்டுத் துழாவு. குண்டு இல்லையென்றால் அதே அளவில் நல்ல பேரிங் குண்டாக வாங்கி, துளியளவு கிரீஸ் தடவி உள்ளே அனுப்பு. நீள ராட் முதலில், பிறகு குண்டு, கடைசியில் குட்டை ராட்.

குண்டு இருந்தால் பிரஷர் பிளேட்டின் நடுவிலுள்ள அட்ஜஸ்டர் ஸ்குரூவைப் பார். லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்குரூ ராடைத் தொடும்வரை மெதுவாகத் திருப்பி, கால் சுற்று பின்வாங்கி, நட்டைப் பூட்டு. கவரை மூடிவிட்டால் இதைத் தொட முடியாது. அதனால்தான் பலரும் இதை விட்டுவிட்டுக் கேபிளோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

எதிர்ப்பு சரியாக இருந்தும் பிரியாவிட்டால் பிளேட்டுகளை எல்லாம் வெளியே எடு. எடுத்தபின் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்று. நடுவிலுள்ள பாஸ் என்ற உள்வட்டு மட்டும் சுற்ற வேண்டும், வெளிக்கூண்டு அசையக் கூடாது. இரண்டும் சேர்ந்து சுற்றினால், இடையில் இருக்க வேண்டிய த்ரஸ்ட் வாஷரை விட்டுவிட்டு நட்டை இறுக்கியிருக்கிறார்கள். அப்படிப் பூட்டிய கிளட்சுக்கு எத்தனை புது பிளேட் போட்டாலும் பிரியாது. உதிரிபாகப் படத்தை வைத்துக்கொண்டு வாஷர்களை ஒவ்வொன்றாகச் சரிபார். கழற்றிய வரிசையிலேயே செய்தித்தாளில் பரப்பி வைக்கச் சொல்லி வாத்தியார் நம்மை என்ன பாடு படுத்தினார்! அந்த ஒரு பழக்கம் இருந்திருந்தால் உன் வண்டிக்கு இது வந்திருக்காது.

புது பிளேட் போட்டிருந்தால் ஆயிலில் ஊறவைத்தார்களா என்று கேள். உலர்ந்தபடியே பூட்டினால் ஈர அப்பளம் போல ஒட்டிக்கொள்ளும். ஓர் இரவு ஊறினால் நல்லது. கூடவே வெளிக்கூண்டின் விரல்களை நகத்தால் தடவிப் பார். பழைய பிளேட்டுகள் அடித்து அடித்துப் பள்ளம் விழுந்திருந்தால் நகம் மாட்டும், பிளேட்டும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். மேலோட்டமான பள்ளமென்றால் மெல்லிய அரத்தால் சமன் செய்யலாம். உன்னை விடவா இதற்கு வேறு ஆள் வேண்டும்! பிரஷர் பிளேட்டைத் திரும்ப மாட்டும்போது பாஸின் மேல் சரியாக அமர்ந்ததா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. பிறகு யாரையாவது கைப்பிடியை இழுக்கச் சொல்லிப் பக்கவாட்டில் குனிந்து பார். பிளேட் எல்லாப் பக்கமும் ஒரே சீராக எழும்ப வேண்டும். ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் படுத்தால் அங்கே பிளேட்டுகள் உரசிக்கொண்டேதான் இருக்கும்.

குளிர்ந்த என்ஜினில் சென்டர் ஸ்டாண்டில் போட்டு ஓடவிட்டால், கிளட்சைப் பிடித்திருக்கும்போதும் பின்சக்கரம் லேசாகச் சுற்றும். அது ஆயிலின் பிசுக்கு, காலால் தொட்டால் நின்றுவிடும். அதைக் கண்டு மறுபடியும் திறந்துவிடாதே.

இந்த வேலையை உன் பையனையும் பக்கத்தில் உட்கார வைத்துச் செய். அவன்தான் இனி ஓட்டப்போகிறான் என்று எழுதியிருக்கிறாய், உள்ளே என்ன இருக்கிறதென்று அவனும் ஒரு முறை பார்க்கட்டும். கவரைத் திறந்தால் ஆயில் கசியாமல் தடுக்கும் பழைய பேக்கிங் கிழியும் என்பதால் ஆர்எக்ஸ் சைடு கவர் பேக்கிங் ஒன்றை அட்டைக்கு நடுவில் வைத்து இதோடு அனுப்பியிருக்கிறேன், மடிக்காமல் எடு. குண்டு இருந்ததா இல்லையா என்று மட்டும் உடனே போன் செய்து சொல். மற்றதைக் கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்